ஐந்துக்குக் குறைக்காதே என்றேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு, வேளைக்கு நாலு வாய் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் இந்தத் தாளை எடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம், அப்புறம் எதற்குக் கடிதம், அம்மாவுக்குப் பொழுது போகவில்லையா என்று நீ சிரிப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் நான் சொல்ல வந்ததை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுகிறேன். நாலு மாதமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அப்படியே கொஞ்சம் வாயைத் திறந்தாலும் நீ "சரிம்மா, விடும்மா, அப்புறம் பேசலாம்மா" என்று மூன்று அம்மா போட்டு வைத்துவிடுவாய். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இதை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்தி, உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது இன்னும் ஒரு மாதம் தொடர வேண்டுமாம். மருந்து விடும்போதெல்லாம் நான் ஏதோ கண்ணைத் தோண்டுவது போலக் கத்துகிறார், நாற்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷன். குழாய் ஒழுகுவதைத் தானே சரி பண்ணுகிறேன் என்று ஸ்பானரை எடுத்தார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பூனை உன் பழைய துணிப்பெட்டியில் மூன்று குட்டி போட்டிருக்கிறது, பெட்டியைத் திறந்து வைத்தது யார் என்று இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முன்போல் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஹாஸ்டல் சமையலறையில் நாலு அடுப்பில் இப்போது இரண்டுதான் எரிகிறது. இருநூற்று நாற்பது பெண்களுக்குச் சமைத்த இடத்தில் நூற்று அறுபது பேர்தான் இருக்கிறார்கள். பெரிய பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டோம். இரண்டாம் வருஷப் பெண்கள் இல்லாத சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி நாலு மேசையும் வெறுமனே கிடக்கின்றன. அவர்கள் ஏன் இல்லை என்பது உனக்குத் தெரியும், உன் ஆராய்ச்சியைப் பார்த்துத்தான் காலேஜ் அந்த முடிவை எடுத்தது என்று நீயே சந்தோஷமாகச் சொன்னாய். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

போன வருஷம் நீ அந்தக் கேள்வித்தாளை அனுப்பினாயே, நம்மைப் போன்ற நாடுகளில் காலேஜ் பிள்ளைகள் போனிலேயே பாடம் படிக்க முடியுமா, அவர்களுக்கு அது பிடிக்கிறதா என்று. போன் வழியாகவே கேட்டுவிட வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "போன்ல அனுப்பினா போன் இருக்கறவங்க மட்டும்தாம்மா பதில் சொல்வாங்க. இல்லாதவங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம். பேப்பர்ல குடும்மா" என்றாய். அந்த அளவுக்கு நீ யோசித்துத்தான் செய்தாய். அதோடு இன்னொன்றும் சொன்னாய், "இது நல்லபடியா வந்தாத்தாம்மா என் படிப்பு முடியும்" என்று. நான் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்து, ஒரு டப்பா பென்சிலும் வாங்கிக்கொண்டு, மத்தியான சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்ற பெண்களுக்குக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய், கொடுப்பவர் எதுவும் பேசக்கூடாது, எழுதுகிறவர் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று. நான் பக்கத்தில் நிற்கவில்லை, கரண்டியோடு எதிரில் நின்றேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டம் இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்துக்கு ஐந்து வாங்கினால் பிள்ளை கெட்டிக்காரி, ஒன்று வாங்கினால் வீட்டில் அடி விழும். இந்தப் பெண்கள் போடுவதை எல்லாம் கூட்டித்தான் உன் வாத்தியார் உனக்கு மார்க் போடுவார் என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன், "என் பொண்ணோட பரீட்சைடி இது. ஐந்துக்குக் குறைக்காதே. குறைச்சா நாளைக்கு முட்டை கிடையாது" என்று. அவர்களும் சிரித்துக்கொண்டே சரசரவென்று போட்டுக் கொடுத்தார்கள். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். உடம்பு சுகமில்லாதபோது அறைக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் கேட்டால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்.

இதுவரை சொன்னது என் அறியாமை. இதை மட்டும் சொல்லி முடித்திருந்தால் நீ கோபப்பட்டுவிட்டு, பிறகு சிரித்தும் இருப்பாய். மீதியையும் கேள். பாத்திரம் எல்லாம் கழுவி முடித்த பிறகு தாள்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். தாளின் மேலேயே பெயர் இருந்தது, ஒரு நாற்பது பேர் ஒன்றும் இரண்டுமாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தின்பது என் கையால், என் மகளுக்கு ஒன்று போடுகிறார்களா என்று. தேநீர் நேரத்துக்கு வந்தவர்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். வராதவர்களின் தாளை ரப்பரால் அழித்து நானே போட்டேன். அதில் ஒரு தாள் பூச்சியுடையது. பூச்சியைப் பற்றி உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன், விலங்கியல் படிக்கிற பெண், ஆள் அந்த அளவுக்குச் சின்னது, ஹாஸ்டல் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். கரப்பான்பூச்சி வேண்டும் என்று கையில் பாட்டிலோடு என் சமையலறைக்கு வந்து நின்றவள். என் சமையலறையில் கரப்பானா, வெளியே போடி என்று நான் விரட்ட, அடுப்புக்குப் பின்னாலிருந்து மூன்றைப் பிடித்துக் காட்டி என் மானத்தை வாங்கினவள். அவள் எல்லாக் கட்டத்திலும் ஒன்று போட்டதோடு நிற்காமல் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள். 'போன் அப்பாவுடையது. அப்பா லாரி ஓட்டுகிறார். லாரி எந்த ஊரில் இருக்கிறதோ போனும் அந்த ஊரில்தான் இருக்கும். இங்கே தோழியின் போனில் படிக்கிறேன். வீட்டுக்குப் போனால் என்னால் படிக்க முடியாது.' இவ்வளவும் நான் படித்தேன் மகளே. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது உன்னை மட்டம் தட்டப் போட்டது இல்லை, அந்தப் பெண் ஒரு நியாயத்தைச் சொல்கிறாள் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய். புரிந்தும் அழித்தேன். பென்சில் எழுத்துதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாளை ஊதிவிட்டு எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு மற்ற தாள்களுக்கு நடுவில் செருகி உனக்கு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நீ போன் பண்ணி "அம்மா, தொண்ணூத்தி நாலு சதவீதம்மா, யாருமே எதிர்பார்க்கல" என்று கத்தினாய். நான் நீ தொண்ணூற்று நாலு மார்க் வாங்கிவிட்டாய் என்று தெருவெல்லாம் சொல்லி, ஹாஸ்டல் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தேன். அது உன் மார்க் இல்லை என்று எனக்குத் தெரிந்தது இந்த வருஷம் காலேஜ் திறந்த அன்றைக்குத்தான். பதிவாளர் வார்டனோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். கையில் நீ எழுதிய புத்தகம். நம் காலேஜில் படித்த பெண்ணே வெளிநாட்டிலிருந்து ஆராய்ந்து சொல்லியிருக்கிறாள், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு மாணவிகள் போன் வழியாகவே முழுப் பாடத்தையும் படித்துவிட முடியும் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் இரண்டாம் வருஷத்தாருக்கு இனி வகுப்பு போனில்தான், ஹாஸ்டல் அறை தேவைப்படாது, வருகைப்பதிவும் ஆப்பில்தான் என்றார். எல்லாரும் முன்னேற்றம் முன்னேற்றம் என்று கைதட்டினார்கள். வார்டன் என்னைக் காட்டி "இவங்க பொண்ணுதான் சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என் கையில் கரண்டி, அதில் சோறு, முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு ஒரு பெண். அவள் தட்டில் போட மறந்து நின்றேன். கூடத்தில் இருந்த இரண்டாம் வருஷப் பெண்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்திகூட வாயைத் திறந்து, இந்த அம்மா சொல்லித்தான் போட்டோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். சொல்ல வேண்டியவள் நான்தான், நானும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உன் பெயர், உன் ஐந்து வருஷ உழைப்பு, பதிவாளர் கும்பிட்ட கும்பிடு, இதெல்லாம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டு நாளில் அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள். பக்கெட்டு, தலையணை, புத்தகமூட்டை என்று ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள். சிலருக்கு நல்ல போன் இருக்கிறது, வீட்டில் வசதி இருக்கிறது, அவர்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் படிக்கிறார்கள், பஸ் அலைச்சல் மிச்சம் என்றுகூடச் சொல்கிறார்கள். போனில் படிப்பதே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நீ இங்கே படித்த காலத்தில் இல்லாத எத்தனையோ பாடம் இன்றைக்கு உள்ளங்கையில் கிடைக்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்பது பேர் அப்போதே சொன்னார்களே, எங்களால் முடியாது என்று. பூச்சி போகும்போது சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் தலையை நிமிர்த்தவில்லை. "பரவால்லம்மா, அக்கா பாஸ் பண்ணிட்டாங்கல்ல" என்றாள். குத்திக் காட்டவில்லை மகளே, நிஜமாகவே ஆறுதலுக்குச் சொன்னாள். இரண்டு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அதைக் கொடுத்ததை நினைத்தால் இப்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

போன பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் நிறுத்தி வைத்தவர்கள் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. முப்பத்தொரு பேர், வருகை போதவில்லை என்று. ஐந்தாவது பெயர் பூச்சியுடையது. அடுத்த விடுமுறையன்றே இரண்டு பஸ் மாறி அவள் ஊருக்குப் போனேன். வீட்டில் அவள் இல்லை, வெங்காயம் தரம் பிரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போகிறாள் என்றார்கள். கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். மலை மாதிரி வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அழுகலை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். முடி முழுக்கச் சருகு. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உட்காரக்கூட இடம் இல்லையே என்று அவளுக்குப் பதற்றம். கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் முட்டி வலியை விசாரித்தாள்.

மத்தியான இடைவேளையில் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒற்றை அறை, தகரக் கூரை. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். வகுப்பு காலை பத்து மணிக்கு. ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் ஆப்பில் 'உள்ளேன்' என்று தொட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு வரவில்லை என்று விழுந்துவிடும். போன் இருப்பதோ லாரியில். அவள் அப்பா என்ன செய்திருக்கிறார் தெரியுமா? தினமும் பத்து மணிக்கு எந்த ரோட்டில் இருந்தாலும் லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, மகளுக்காகத் தொட்டிருக்கிறார். தொட்டதோடு விடவில்லை. வகுப்பை முழுவதும் கேட்டு, சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, வீட்டுக்கு வரும்போது மகளிடம் கொடுத்திருக்கிறார். அவரும் என்னைப் போலத்தான், அதிகம் படித்தவர் இல்லை. அந்தச் சீட்டுகளை எல்லாம் பூச்சி ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: 'பூச்சிக்குக் கால் ஆறு. சிலந்திக்கு எட்டு, அதனால் அது பூச்சி இல்லை. டீச்சர் இருமினார். கறுப்பாக ஏதோ படம் காட்டினார், நீளமாக இருந்தது. பிறகு கேட்கவில்லை. மேட்டில் ஏறிப் பார்த்தேன், சிக்னல் வரவில்லை.' எனக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. ஆப்பில் நடுநடுவே கேள்வி வருமாம், நிஜமாகவே கவனிக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. பாவம் அவர் தெரிந்ததைத் தொட்டிருக்கிறார். ஐந்தாறு தடவை தப்பானதும் கவனிக்கவில்லை என்று அந்த நாட்களையும் வருகையில் கழித்துவிட்டார்கள். தினமும் நடுவழியில் ஒரு மணி நேரம் வண்டி நிற்கிறது என்று லாரி ஆபீசிலும் பிடித்துக்கொண்டார்கள், இனி நிறுத்தினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். பூச்சிதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். "எனக்காக அவர் வேலை போகணுமாம்மா, நானே நின்னுட்டேன்" என்றாள். இதைச் சொல்லும்போதுதான் கொஞ்சம் குரல் மாறியது. உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்து வார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். "வேணாம்மா, யாருமே கேக்கல, நீங்களா ஏன் போய் மாட்டிக்கறீங்க. உங்க வேலை போகும், அதவிட உங்க பொண்ணு பட்டம் போகும்" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, "புள்ளகிட்ட மொதல்ல சொல்லு. அப்புறம் யார்கிட்ட வேணாலும் சொல்லு" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற மாதம் இருபதாம் தேதி காலேஜில் பெரிய கூட்டம். மூன்றாம் வருஷத்தாருக்கும் இதையே கொண்டுவரப் போகிறார்கள், மறுபடியும் உன் புத்தகத்தை வைத்துத்தான். மூன்றாம் வருஷத்திலும் போன் இல்லாத பெண்கள் இருக்கிறார்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும், தினம் அவர்களுக்குத்தான் சோறு போடுகிறேன். அன்றைக்குக் காலையில் நான் பதிவாளர் அறைக்குப் போய், தாள்களைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிடப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, தெரிவிக்கிறேன். அடுப்பு குறைந்துவிட்டது, அடுத்து என் வேலையும் போகும் என்ற பயத்தில் எழுதுகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பயமும் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னாலும் என் வேலை போகத்தான் போகிறது.

உனக்கு என்ன ஆகும் என்ற நினைப்பில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மூட்டை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஏறின பெண் நீ. மூன்று பேரோடு ஒரே அறையில் கிடந்து, இரண்டு வேளை சாப்பிட்டு, மூன்று வேளை சாப்பிட்டேன் என்று என்னிடம் பொய் சொல்லிப் படித்த பெண். அதில் பெற்றவளே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். தனியாக ஒரு தாளில், என் மகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, தாள்களை மாற்றியதும் அழித்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் பேராசிரியரிடம் காட்டு. அவருக்கு நம் மொழி தெரியாது, நீதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். என்னைக் காப்பாற்ற எதையும் குறைத்துச் சொல்லாதே. நீ என்மேல் கோபப்படு, பத்து நாள் போன் பண்ணாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். பதினொன்றாவது நாள் மட்டும் பண்ணிவிடு.

இன்னொன்றும் செய்தேன். உன் கேள்வித்தாளை மறுபடி எடுத்து, ஹாஸ்டலில் இருக்கிற நூற்று அறுபது பேருக்கும் கொடுத்தேன். இந்தத் தடவை நான் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனாவால் எழுதச் சொன்னேன். அவர்களே பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, அந்தப் பெட்டி தனிப் பார்சலாக வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூச்சிக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகை விடுமுறை, வீட்டில் இருந்தாள். என்னால் உனக்கு நடந்தது பெரிய தப்பு, நீ எழுதியதை அழித்தது நான்தான், அதை நான் எல்லாரிடமும் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். தெரியும்மா என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவள் அன்றைக்கு ஓரத்தில் எழுதியதைச் சரிபார்க்கத் திரும்பி வந்தாளாம், ஜன்னல் வழியாக நான் ரப்பரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். இவ்வளவு நாளும் தெரிந்தே என்னோடு அப்படிச் சிரித்துப் பேசியிருக்கிறாள். நான் அழுதேன், அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். முதல் கேள்வியைப் படித்தாள். போன் வழியாகப் பாடம் படிப்பது எனக்கு எளிதாக இருக்கிறது என்ற வரி. எழுதாமல் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "இந்தத் தடவ அக்காவுக்கு எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்டாள்.

உண்மையைப் போடு என்று சொல்ல எனக்கு வாய் ஏது? அந்தத் தாளை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வெற்றுத் தாளாக இதோடு வைத்திருக்கிறேன். அதன் பின்னால் அவள் அப்பாவின் எண் எழுதியிருக்கிறேன். லாரி ஊருக்கு வருவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. நீயே அவளிடம் பேசி, நீயே கேட்டு எழுதிக்கொள். நான் கேட்டால் இனிமேலும் எனக்காக ஐந்துதான் போடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணே. ஈரத் தலையோடு வெளியே போகாதே, காலுறை இரண்டு போட்டுக்கொள். என்ன நடந்தாலும் நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடு எப்போதும் இருக்கிறது. இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

உன் அம்மா